உதிரிப்பாகக் கடையில் கொளல் வினா

பொருள் வாங்கச் செல்கிறவன் வணிகனை நோக்கி வினவும் வினாவுக்குத் தமிழிலக்கணம் தனிப்பெயர் தந்திருக்கிறது. நன்னூலார் வினாவை ஆறாகப் பகுத்தபோது அவற்றுள் ஒன்றைக் கொளல் வினா என்றார். வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அரிசியையோ பருப்பையோ எடுத்துக்காட்டாகச் சொல்லி மேலே சென்றுவிடுவார்கள். மாணவனும் 'அரிசி இருக்கிறதா?' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவான். பலசரக்குக் கடையில் அவ்வினா அவ்வளவு எளியதுதான். மோட்டார் உதிரிப்பாகக் கடையின் முகப்பில் நின்று அதே வினாவைக் கேட்டுப் பார்த்தால்தான் அதற்குள் எத்தனை சிக்கல் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

மலேசிய நகர் எதிலும் காணக்கூடிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை முற்பகல். கடைவீதியில் ஒடுங்கிய ஒரு கடை. தரையிலிருந்து கூரைவரை அட்டைப் பெட்டிகள். மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கும் பெல்ட்டுகள். முகப்புக் கண்ணாடிக்குள் பல்புகளும் பிளக்குகளும். சாகா காரில் வாட்டர் பம்ப் ஒழுகுகிறது என்று கண்டுகொண்ட ஒருவர் வந்து நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றினால்தான் திங்கள் காலை வேலைக்குப் போக முடியும். முகப்பில் இருப்பவர் கைத்தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு முடிந்ததும், 'பாஸ், வாட்டர் பம்ப் ஆடா?' என்று இவர் கேட்கிறார். 'கெரேத்தா ஆப்பா?' என்று மறுவினா வருகிறது. 'சாகா.' 'சாகா மானா சத்து? தாஹூன் பெராப்பா?' எந்தச் சாகா, எந்த ஆண்டு என்பதற்கு வந்தவரிடம் விடை இல்லை. கார் அண்ணனிடமிருந்து வாங்கியது. அதற்குள் பட்டறைப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, ஓர் எண்ணைச் சொல்லிப் பெட்டியை வாங்கி, கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். காத்து நின்றவருக்குக் கிடைப்பது 'தாக் ஆடா' என்னும் இரண்டு சொற்களே.

வீட்டுக்குத் திரும்பியவர் என்ன சொல்வார்? கடைக்காரனுக்கு மரியாதை தெரியவில்லை என்பார். பழகிய முகத்துக்குத்தான் பொருள் கொடுக்கிறான் என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் உதிரிப்பாகக் கடைகளைப் பற்றிய முறையீடுகளைச் சற்று ஊன்றி நோக்கினால், முகச்சுளிப்பு மேலே தெரியும் நுரைதான் என்பது புலப்படும். தவறான பாகம், திருப்பி வாங்க மறுப்பு, இரண்டாம் முறை அலைச்சல், பட்டறையில் பிரித்துப்போட்டபடி கிடக்கும் கார், போன சம்பளம் ஆகிய யாவும் வினாவும் விடையும் வழுவியதிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்றன. கேட்கத் தெரியாதவரும் கேட்டறிய முயலாதவரும் முகப்பின் இருபுறமும் நிற்கிறார்கள். நட்டம் ஒருபுறத்தாருக்கு மட்டும் போய்ச் சேருகிறது.

உதிரி என்ற சொல்லே கருதத்தக்கது. தொடுக்கப்பட்ட பூ சரம். தொடுக்கப்படாத பூ உதிரிப்பூ. உதிரிப்பூவை எந்த நாரிலும் தொடுக்கலாம். உதிரிப்பாகமோ தனக்குரிய ஓரிடத்தில் மட்டும் பொருந்துவது. இத்தகைய பாகத்தைக் கடையில் வாங்கிப் பொருத்தலாம் என்பதே வரலாற்றில் மிகப் பிந்திய எண்ணம். தொடக்கக் காலத்து மோட்டார் வண்டிகளில் ஓர் உறுப்பு முறிந்தால் அவ்வண்டிக்கென்று அதனை அராவிச் சரிசெய்து பொருத்த வேண்டியிருந்தது. 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்திடலில் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்கக் காடிலாக் வண்டிகள் மூன்றை முழுவதும் பிரித்து, உறுப்புக்களை ஒன்றாகக் கலந்து, சிலவற்றை நீக்கிக் கையிருப்பிலிருந்து புதியன வைத்து, மீண்டும் மூன்று வண்டிகளாகப் பூட்டினர். பூட்டிய வண்டிகள் 500 மைல் ஓடின. அவ்வெற்றிக்காக அரச ஆட்டோமொபைல் கழகம் காடிலாக்குக்கு டூவர் கேடயத்தை வழங்கியது. எந்தத் திருகும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று அன்று மெய்ப்பிக்கப்பட்டதனால்தான் உதிரிப்பாகக் கடை என்று ஒன்று இருக்க முடிகிறது.

ஆனால் அந்தப் பொருத்தம் ஒரே வகை வண்டிகளுக்குள் மட்டுமே உண்டு. வகைகள் பெருகப் பெருகப் பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் ஆயின. சாகாவையே நோக்குக. 1985 ஜூலை மாதம் வெளிவந்த முதல் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது, 1.3 லிட்டர் எஞ்சின் உடையது. அடுத்த ஆண்டே 1.5 லிட்டர் எஞ்சினும் வந்தது. 1987இல் எட்டு வால்வு எஞ்சின் பன்னிரண்டு வால்வு உடையதாக மாறியது. 2008இல் அதே பெயரோடு வந்த புதிய சாகாவில் புரோட்டோனின் சொந்தக் காம்புரோ எஞ்சின் இருந்தது. 2016இல் மீண்டும் உடலும் எஞ்சினும் மாறின. ஆகவே 'சாகாவுக்கு வாட்டர் பம்ப்' என்பது, 'முருகன் வீடு எது?' என்று பத்துமலையில் நின்று கேட்பதைப் போன்றது. முகப்பில் இருப்பவர் எந்தச் சாகா என்று திருப்பிக் கேட்டது குற்றமன்று, கேட்டே ஆகவேண்டும். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் ஒருவகை விடையே என்று தொல்காப்பியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நன்னூலாரும் விடை எட்டனுள் அதனைச் சேர்த்தார். குற்றம் அடுத்த படியில் நிகழ்கிறது. வந்தவருக்கு ஆண்டு தெரியாதபோது, 'கிராண்ட் இருக்கிறதா? சாசி எண் என்ன? பழைய பம்ப்பைக் கழற்றிக் கொண்டுவந்தீர்களா?' என்று மூன்றாவது வினாவைக் கேட்காமல் 'தாக் ஆடா' என்று முடித்துவிடுவதுதான் குற்றம்.

சாசி எண்ணின் பெருமையைப் பலர் அறியார். 1981 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்டு, பிற நாடுகளிலும் பரவிய முறைப்படி, ஒவ்வொரு வண்டிக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு குறிகள் உண்டு. அவற்றில் ஆங்கிலத்தின் 'ஐ', 'ஓ', 'க்யூ' ஆகிய மூன்றெழுத்துக்கள் இடம்பெறா; ஒன்று, சுழி என்னும் எண்களோடு மயங்கிவிடும் என்பதே காரணம். றகர ரகர மயக்கத்தோடு நாள்தோறும் போராடும் தமிழாசிரியர்கள் இந்த முன்னெச்சரிக்கையைப் பாராட்டுவார்கள். ஜப்பானில் அந்நாட்டுச் சந்தைக்கென்றே செய்யப்பட்டுப் பின் இங்குக் கொண்டுவரப்படும் பழைய கார்களுக்கு இந்தப் பதினேழு குறி எண் இராது. வேறு வகைச் சட்ட எண் இருக்கும். அதனை உள்ளூர்ப் பட்டியலில் தேடினால் அகப்படாது. அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் கடை கடையாக அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாகங்களுக்கும் எண் உண்டு. அவை வாய்க்கு வந்தபடி இடப்பட்டவை அல்ல. டொயோட்டா நிறுவனத்தின் எண்கள் பெரும்பாலும் ஐந்தும் ஐந்துமாக இரு கூறு உடையவை. முதற்கூறு பாகத்தின் வகையைச் சொல்லும். 16100 என்று தொடங்கினால் வாட்டர் பம்ப். ஹோண்டாவின் எண்ணில் மூன்று கூறுகள் உண்டு. முதலாவது பாகம் இன்னதென்றும், நடுவிலுள்ளது எந்த வண்டிக்கு அல்லது எஞ்சினுக்கு முதலில் வகுக்கப்பட்டதென்றும் காட்டும். பகுதி, இடைநிலை, விகுதி என்று பதத்தைப் பிரித்துப் பழகிய கண்ணுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பட்டறைப் பையன் அரை நிமிடத்தில் பொருள் வாங்கிப் போனானே, அவனுக்குக் கடைக்காரர் சலுகை காட்டினார் என்பதைவிட, அவன் பெயரை விட்டு எண்ணைச் சொன்னான் என்பதே பெரிய காரணம்.

பெயர்களோ ஏமாற்றுவன. எஞ்சினின் முன்புறத்தில் ஓடும் பெல்ட்டை இன்றும் ஃபேன் பெல்ட் என்றே கேட்கிறார்கள். முன்சக்கர ஓட்டக் கார்களில் ரேடியேட்டர் விசிறியை மின்மோட்டார் சுழற்றுகிறது. பெல்ட்டுக்கும் விசிறிக்கும் உறவு அறுந்து நெடுநாளாயிற்று. பொருள் போனபின்னும் சொல் நிற்கிறது. ஒரே எஞ்சினில் ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, குளிர்சாதனத்துக்கு ஒன்று, ஸ்டீரிங்குக்கு ஒன்று என்று மூன்று பெல்ட் இருக்கும்போது, ஃபேன் பெல்ட் என்று கேட்டவருக்கு எதைக் கொடுப்பது? இடம் வலம் கூட மயங்கும். காரின் இடப்புறம் என்பது உள்ளே அமர்ந்து முன்னோக்கும் ஓட்டுநருக்கு இடப்புறம். விளக்கை உடைத்துக்கொண்டவர் காருக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு வந்து 'வலது விளக்கு' என்பார். ஓட்டுநர் பக்கம் என்று சொன்னாலும் தீராது. இடப்புறம் அமர்ந்து ஓட்டும் நாடுகளுக்காக அச்சிட்ட பட்டியலில் அது மறுபக்கம்.

இவையெல்லாம் பணத்தோடு போகும் பிழைகள். பணத்தோடு போகாத பிழைகளும் உண்டு. 'பிரேக் எண்ணெய்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். மலாயிலும் மிஞாக் பிரெக் என்பதே வழக்கு. ஆனால் பொதுவாகக் கார்களில் ஊற்றப்படும் பிரேக் திரவம் எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. கிளைக்கால் என்னும் வேதிப்பொருளின் வழிப்பட்டது. பிரேக் அமைப்பின் ரப்பர் வளையங்கள் அத்திரவத்துக்கு ஏற்றவை. எண்ணெய்தானே என்று கருதிக் கனிம எண்ணெயை அதில் ஊற்றினால் ரப்பர் உப்பிப் பிதுங்கும். பிரேக் பிடித்துக்கொண்டு விடாமலும் போகலாம், பிடிக்காமலும் போகலாம். குப்பியை எடுத்து நீட்டும் கை, 'எதற்கு ஊற்றப் போகிறீர்கள்?' என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அந்தப் பிழை முகப்பிலேயே நின்றுவிடும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இங்கே பஞ்சம்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இவ்வணிகம் வளர்ந்த வகை தனி. சிங்கப்பூருக்கு 1880இல் ரிக்‌ஷா வந்தது. பின்னே வந்து சேர்ந்த ஹெங்ஹுவா, ஹொக்சியா வகுப்புச் சீனர் பலர் ரிக்‌ஷா இழுத்தும், பழுது பார்த்தும், சைக்கிள் கடை வைத்தும், அதன்வழி டயர், மோட்டார் உதிரிப்பாகம், பேருந்து, டாக்சி ஆகிய தொழில்களில் கால் ஊன்றினர். தந்தையிடமிருந்து மகனும், முதலாளியிடமிருந்து கையாளும் வாய்மொழியாகக் கற்ற தொழில் இது. பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தப் பாகம் எந்த வண்டிக்கும் ஒத்துப்போகும் என்பதெல்லாம் பழைய கையாட்களின் நினைவில் இருந்தன, ஏட்டில் இல்லை. அத்தகைய ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால் பாதிக் கடை அவரோடு போய்விடும். அவருடைய இடத்தில் அமர்த்தப்படும் இளைஞருக்குக் கணினி ஒன்று தரப்படுகிறது. கணினி கேட்ட எண்ணுக்கு விடை சொல்லும். கேட்கத் தெரியாதவருக்கு எதுவும் சொல்லாது.

கடை நடப்பது பட்டறைகளை நம்பித்தான். பட்டறைக்காரர் நாள்தோறும் வாங்குகிறார். கணக்கு வைத்து மாதக் கடைசியில் தீர்க்கிறார். வேண்டியதை எண்ணோடு சொல்கிறார். ஆண்டுக்கொருமுறை வருகிற கார் உரிமையாளரோ அரைமணி நேரம் விசாரித்து, இருபது வெள்ளிப் பொருளை வாங்கி, மறுநாள் எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொண்டுவருகிறார். மின்பாகங்களைத் திருப்பி வாங்காததற்கும் ஒரு காரணம் உண்டு. வண்டியின் மின்கம்பியில் கோளாறு இருந்தால் புதுப்பாகம் பூட்டிய நொடியே எரிந்துவிடும். எரிந்தது பாகத்தின் குறையாலா வண்டியின் குறையாலா என்று முகப்பில் நின்று யாரும் சொல்ல முடியாது. இவையெல்லாம் நியாயந்தான். ஆனால் ஆண்டுக்கொருமுறை வருகிறவருக்கு நேரமில்லை என்று நினைக்கும் கடை, அவரிடம் பணம் வாங்கவும் நேரமில்லை என்று சொல்வதில்லையே!

இனி 'தாக் ஆடா'வுக்கு வருவோம். இல்லாத பொருளைக் கேட்டால் வணிகன் எங்ஙனம் விடை சொல்ல வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது என்றால் உதிரிப்பாகக் கடைக்காரர்கள் வியப்படையக் கூடும். சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் வினாவும் விடையும் வழுவாமல் அமைவதைப் பற்றிப் பேசிவருகையில் ஆசிரியர் இதனைத் தொடுகிறார். தன்னிடம் உள்ளதல்லது இல்லை என்று சொல்ல நேர்ந்தால், கேட்ட பொருளையே சொல்லி மறுக்காமல், தன்னிடமுள்ள வேறு பொருளைச் சொல்லி அதன்வாயிலாக இன்மையைப் புலப்படுத்த வேண்டும் என்பது விதி. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டும் கடைத்தெருவினதே: பயறு கேட்டு வந்தவனிடம் வணிகன், உழுந்தைத் தவிர வேறில்லை என்கிறான். இதனையே நன்னூலார் இனமொழி விடை என்று பெயரிட்டு வகைப்படுத்தினார். வெறும் 'இல்லை' மறைவிடை. அதனைக் கேட்டவன் வெளியேற வேண்டியதுதான். இனமொழியோ இல்லை என்பதையும் சொல்லி, உள்ளது எது என்பதையும் சொல்லி, வந்தவனுக்கு அடுத்த வழியையும் காட்டிவிடுகிறது. வாடிக்கையாளர் சேவை பற்றி இன்று பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் நாள் முழுதும் சொல்வது இதற்கு மேல் அதிகமில்லை.

ஆனால் உழுந்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கலாகாது. பயறு வாங்க வந்தவன் உழுந்தோடு போனால் அன்றைய சமையல் மாறும்; அவ்வளவே. ரேடியேட்டர் மூடியை எண்ணிப் பாருங்கள். ஜப்பானியக் கார்களுக்கான மூடிகளில் 0.9 என்றும் 1.1 என்றும் அழுத்த அளவு பொறித்திருக்கும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 1.1 வேண்டிய காரில் 0.9ஐப் பூட்டினால் தண்ணீர் முன்னதாகவே கொதித்து வழியும். 0.9 வேண்டிய பழைய காரில் 1.1ஐப் பூட்டினால் நைந்த குழாயும் ரேடியேட்டரும் அழுத்தம் தாங்காமல் ஒழுகும். தீப்பொறி பிளக்கிலும் இதே கதை. 14 மில்லிமீட்டர் புரியுடைய பிளக்குகளில் புரியின் நீளம் 12.7 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு, 19 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு. குட்டைப் பிளக்கின் இடத்தில் நெட்டைப் பிளக் அழகாகத் திருகிக்கொண்டு உள்ளே போகும்; போய் எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்; சில எஞ்சின்களில் பிஸ்டன் மேலேறி வந்து அதில் மோதும். இங்கே இனமொழி விடையே பொறியாகிவிடுகிறது. 'ஒன்றுதான் பாஸ், போடலாம்' என்று கடையில் சொல்லப்படும் சொல்லை நம்பிக் கெட்டவர்கள் பலர்.

தொல்காப்பியர் இதற்கும் இடம் வைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. கேட்ட பொருளையே குறித்து விடை சொல்வதானால் சுட்டிச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த விதி. இந்தப் பயறு அல்லது வேறில்லை என்பதுபோல. எது இருக்கிறதோ அதை எடுத்து முன்னே வைத்து, இன்னது இது என்று காட்டிச் சொல்வது. உதிரிப்பாக முகப்பில் இதன் பொருள்: பெட்டியைத் திறந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துளைகளை எண்ணி, பல்லை எண்ணி, 'இது உங்களுடையதல்ல, ஆனால் இன்ன காரணத்தால் பொருந்தும்' என்றோ, 'பொருந்தாது' என்றோ சொல்வது. நல்ல கடைக்காரர் எவரும் இதனைச் செய்யாமல் பொருளைத் தருவதில்லை. மைவி கார் 2005இல் வந்தபோது அது டைஹாட்சு பூன், டொயோட்டா பாசோ ஆகியவற்றின் உடன்பிறப்பாக வந்தது. அதனால் பல பாகங்கள் மூன்று பெயரிலும் பெட்டியில் கிடைக்கும். விலை மட்டும் மூன்றாக இருக்கும். அசல், அதனைச் செய்த தொழிற்சாலையே தன் பெயரில் விற்பது, வேறொருவர் செய்த மாற்று, போலி என்ற நான்கும் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்கலாம். எது எதுவென்று சுட்டிச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்வது பாதி விடை.

சட்டத்துக்கும் இந்த வினாவிடை இலக்கணத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பலர் அறியாத செய்தி. வாங்குகிறவனே விழிப்பாக இருக்கக் கடவன் என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் அக்கொள்கையை ஏற்றுக்கொண்டு, பதினாறாம் பிரிவில் விலக்குகளையும் தருகிறது. வாங்குகிறவர் தமக்கு இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று தெரிவித்து, விற்பவருடைய திறமையை நம்புவதைப் புலப்படுத்தினால், பொருள் அக்காரியத்துக்குத் தக்கதாய் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை சொல்லாமலே விற்பனையில் அடங்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயர் சொல்லியே வாங்கினால் அந்தத் தகுதி நிபந்தனை கிடையாது. அதாவது, பெயர் சொல்லிக் கேட்கும் கொளல் வினாவும் பயன் சொல்லிக் கேட்கும் கொளல் வினாவும் சட்டத்தின் கண்ணுக்கு வேறு வேறு. 'இன்ன மார்க்குப் பிளக் நான்கு கொடு' என்றவர் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார். 'இந்தச் சாசி எண்ணுள்ள காருக்குப் பொருந்தும் பிளக் வேண்டும். எது என்று நீங்களே பார்த்துக் கொடுங்கள்' என்றவர் அதனைக் கடைக்காரர் தலையில் வைத்துவிடுகிறார்.

இதற்கு மோட்டார் உலகத்திலிருந்தே புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பால்ட்ரி என்பவர் சுற்றுப்பயணத்துக்கேற்ற, வசதியான கார் ஒன்று வேண்டும் என்று விற்பனையாளரிடம் கேட்டார். அவர்கள் புகாட்டி காரைப் பரிந்துரைத்தார்கள். வந்த கார் பயணத்துக்கு ஏற்றதாக இல்லை. புகாட்டி என்று பெயர் சொல்லித்தானே வாங்கினார் என்று விற்பனையாளர் வாதாடினர். 1925ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற அவ்வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அவர் முதலில் கேட்டது பயனை; பெயர் பின்னர் விற்பவர் வாயிலிருந்து வந்தது என்பதே தீர்ப்பின் சாரம்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஏற்கத்தக்க தரம், தெரிவித்த காரியத்துக்குத் தகுதி என்னும் உத்தரவாதங்களை அது தருகிறது; கார் முதலிய பொருள்களை விற்பவரும் செய்பவரும் நியாயமான காலம்வரை உதிரிப்பாகம் கிடைக்க ஆவன செய்யவேண்டும் என்றும் முப்பத்தேழாம் பிரிவில் சொல்கிறது. தரம், தகுதி பற்றிய உத்தரவாதங்களைப் பலகை எழுதி மாட்டி நீக்க முடியாது. 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று சுவரிலும் பற்றுச்சீட்டிலும் எழுதியிருப்பது, மனம் மாறித் திருப்புகிறவருக்கும் தாமே தவறான எண்ணைச் சொல்லி வாங்கியவருக்கும் செல்லும்; குறையுள்ள பொருளையோ, சொன்ன காரியத்துக்குப் பொருந்தாத பொருளையோ வாங்கியவருக்குச் செல்லாது.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. தொழில் முறையில் மற்றொரு பொருளைப் பழுதுபார்ப்பதற்காகப் பாகம் வாங்குகிறவர் இச்சட்டப்படி பயனீட்டாளர் ஆகார். ஆகவே பட்டறைக்காரர் கடையிலிருந்து வாங்கிப் பூட்டிய பாகம் கெட்டால் கார் உரிமையாளர் முதலில் கேட்க வேண்டியது பட்டறைக்காரரையே. 'நான் என்ன செய்வேன், கடைக்காரன் கொடுத்தது' என்று அவர் சொல்லித் தப்ப முடியாது. கேட்டும் தீராதவர்கள் செல்லும் இடம் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 2019இல் செய்த திருத்தத்துக்குப் பின் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்குரைஞர் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. தாமே பேச வேண்டும். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றங்கள் 1985 முதல் இருக்கின்றன. அங்கு 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பொருள் கையளிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால் அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். அன்று என்று மெய்ப்பிப்பது விற்றவர் கடமை.

நடுவர் மன்றத்தின் முன் நிற்கும்போது பேசுவது பற்றுச்சீட்டு. பெரும்பாலான கடைகள் அதில் 'வாட்டர் பம்ப் 1' என்று எழுதி விலையைப் போட்டுக் கொடுத்துவிடுகின்றன. என்ன கேட்டார், எதற்குக் கேட்டார் என்பதற்கு அதில் தடயமே இல்லை. சனிக்கிழமை வந்து வெறுங்கையோடு திரும்பியவர் மறுமுறை போகும்போது, கழற்றிய பம்ப்பைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாசி எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம். பெட்டியைத் திறந்து இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகு, பற்றுச்சீட்டில் காரின் பெயர், ஆண்டு, எஞ்சின், சாசி எண் ஆகியவற்றைக் கடைக்காரர் கையாலேயே எழுதித் தரச் சொல்லலாம். தொழில் தெரிந்தவர்கள் மறுப்பதில்லை. மறுக்கிறவரிடம் அந்தப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை. உதிரிப்பாகக் கடைகள் ஒரே வீதியில் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன.